எடை குறைந்த வயர்கேட் காரபினர்: எந்த இடத்துக்கு எது?

பெங்களூரு, சென்னைப் பக்கமிருந்து பாறை ஏறப் போகிறவர்களில் பெரும்பாலோர் போல்ட் (பாறையில் நிரந்தரமாகப் பதித்த திருகாணி) அடித்த பாதைகளில்தான் தொடங்குகிறார்கள். ராமநகரத்திலும் பாதாமியிலும் பத்துப் பன்னிரண்டு குவிக்டிரா (சுருக்கமாக டிரா) இருந்தால் போதும்: ஒரு நாடா, அதன் இரண்டு முனையிலும் காரபினர் என்ற, ஸ்பிரிங் கதவுள்ள உலோக வளையம்; ஒன்று போல்ட்டுக்கு, மற்றது கயிற்றுக்கு. அவை கனமாக இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் பாறை வந்துவிடும். அப்புறம் ஒருநாள் சாவன்துர்காவின் நீளமான சரிவுகள்மேல் ஆசை வரும். இல்லையென்றால் இமாச்சலத்தின் லாஹுலில் மியார் பள்ளத்தாக்கு மாதிரி நாள்கணக்கில் நடந்துபோய் ஏறவேண்டிய கிரானைட் சுவர்கள்மேல் ஆசை வரும். பாறை வெடிப்புக்குள் விரிந்து பிடிக்கும் கேம், வெடிப்பில் சிக்கவைக்கும் உலோகக் கட்டையான நட், நீள ஸ்லிங் (நாடா வளையம்) என்று ஒவ்வொன்றாகச் சேரும்; இடுப்பில் கட்டும் ஹார்னஸ் கீழே இழுக்க ஆரம்பிக்கும். எடை குறைந்த வயர்கேட் (கேட், அதாவது கதவு, கம்பியால் ஆன காரபினர்) வாங்கலாமா, வாங்கினால் எது என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 60 செ.மீ. ஸ்லிங்கில் கட்டிய நீள டிரா பன்னிரண்டு என்றால் காரபினர் 24. கேம் பத்து இருந்தால், ஒவ்வொன்றையும் தொங்கவிட ஒன்று வீதம் பத்து. நட்டுகளுக்கு இரண்டு. மொத்தம் 36. ஒவ்வொன்றும் 45 கிராம் வரும், கதவு முழு உலோகத் தண்டாக உள்ள சாதாரணக் கனக் கேட் காரபினராக இருந்தால் 1,620 கிராம். 33 கிராம் வயர்கேட் என்றால் 1,188. மிகச் சிறிய 22 கிராம் வகை என்றால் 792.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான். 45-லிருந்து 33-க்கு இறங்கும்போது 432 கிராம் குறைகிறது. அதற்காகக் கை எந்தச் சிரமமும் படவேண்டியதில்லை. 33-லிருந்து 22-க்கு இறங்கினால் இன்னொரு 396 கிராம் குறைகிறது. ஆனால் அதற்கு ஒவ்வொரு கிளிப்பிலும் விரல்கள் கூடுதலாக உழைக்கவேண்டும். ஆகவே முதல் இறக்கத்தை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். இரண்டாவதை எந்தக் காரபினர் எங்கே தொங்கப்போகிறது என்று பார்த்துத்தான் செய்யவேண்டும்.

வயர்கேட்டே ஏன் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெல்லிய கம்பி கதவாக இருப்பதைப் பார்த்தால் பலம் குறைவு என்றுதான் தோன்றும். 1990-களின் நடுவில் பிளாக் டயமண்டின் ஹாட்வயர் வந்தபிறகு இந்த வகை பரவலானபோதும் இதே சந்தேகம் இருந்தது. உண்மை வேறுவிதம். நாம் விழும்போது கயிறு வேகமாக ஓடி அதிர்கிறது, காரபினரின் முதுகு (கேட்டுக்கு எதிர்ப்பக்கம்) பாறையில் மோதுகிறது. அந்த நொடியில் கனமான கேட், தன் எடையாலேயே உள்பக்கம் வீசப்பட்டுத் திறந்துகொள்ளலாம். சரியாக அந்த நேரத்தில் பாரம் விழுந்தால், காரபினர் திறந்த நிலையில்தான் அதைத் தாங்கவேண்டியிருக்கும். கம்பிக் கேட்டுக்கு எடை மிகக் குறைவு என்பதால் இப்படித் திறப்பதும் குறைவு. எடையும் குறைந்து பாதுகாப்பும் கூடுவது கருவிகளில் அடிக்கடி நடக்காத விஷயம். இன்னொரு நன்மையும் உண்டு. கனக் கேட்டுக்குள் ஸ்பிரிங் உட்காரும் குழியில் மண்ணும் பனியும் போய் அடைத்துக்கொள்ளும். வயர்கேட்டில் கம்பியே ஸ்பிரிங் வேலையையும் பார்ப்பதால் அடைப்பதற்கு இடமே இல்லை. பனியில் ஏறுகிறவர்கள் வயர்கேட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இனி முதுகில் பொறித்திருக்கும் எண்கள். இஎன் 12275 என்ற ஐரோப்பியத் தரம், சாதாரணக் காரபினர் நீளவாக்கில் கேட் மூடியிருக்கும்போது குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்கவேண்டும் என்கிறது. குறுக்காக 7, கேட் திறந்திருக்கும்போது 7. ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ தொங்குவதற்குச் சமம். கடையில் நிற்கும்போது எல்லோரும் முதல் எண்ணைத்தான் ஒப்பிடுகிறார்கள். இதில் 22, அதில் 24 என்று. அந்த ஒப்பீட்டால் பயனில்லை. கயிற்றை மேலே கொண்டுபோகிறவர் விழும் சாதாரண லீட் விழுதலில் மேலே இருக்கும் காரபினருக்கு 3 முதல் 6 கிலோநியூட்டன் வரைதான் போகும். மூடிய கேட்டோடு சரியாகத் தொங்கும் நல்ல காரபினர் அதில் உடையாது.

பார்க்கவேண்டியது கேட் திறந்த நிலையின் எண். பிலே மேடையை (கூட்டாளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம்) விட்டுக் கொஞ்சம் ஏறியதுமே, கயிறு அதிகம் வெளியே வராத நிலையில் விழுந்தால் பாரம் 7-ஐத் தாண்டக்கூடும். அந்த நேரத்தில் கேட் திறந்திருந்தால் 7 என்று பொறித்த காரபினருக்கும் 10 என்று பொறித்ததற்கும் இருக்கும் வித்தியாசம் பெரியது. வைல்ட் கன்ட்ரியின் ஹீலியம் 33 கிராமில் மூடிய நிலையில் 24, திறந்த நிலையில் 10 தருகிறது. மிகச் சிறிய வகைகளில் பெரும்பாலானவை தரம் கேட்கும் 7-ஐ ஒட்டியே நிற்கும். இரண்டும் தேர்ச்சி பெற்றவைதான். ஆனால் தரையிலிருந்து முதல் இரண்டு மூன்று இடங்களில் மாட்ட எது வேண்டும் என்று கேட்டால், நான் 10-ஐத்தான் எடுப்பேன்.

சரி, சிறியவற்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஜெர்மனியின் எடெல்ரிட் செய்யும் நைன்டீன் ஜி பெயரிலேயே எடையைச் சொல்லிவிடுகிறது. இத்தாலியில் 1889 முதல் இயங்கும் காம்ப் நிறுவனத்தின் நானோ 22-ம் அப்படியே. பிளாக் டயமண்ட் மினிவயர், மெட்டோலியஸ் எஃப்எஸ் மினி இரண்டும் இந்த வரிசைதான். உள்ளங்கையில் வைத்தால் சாவிக்கொத்து வளையம் போலத்தான் இருக்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான வேலைப்பாடு. சூட்டில் அடித்து உருவாக்கிய அலுமினியம், பாரம் போகாத இடத்திலெல்லாம் உலோகத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள்.

சிக்கல் வாய்த்திறப்பில் இருக்கிறது. முழு அளவு வயர்கேட்டுகளில் கேட் திறந்தால் 25 முதல் 28 மி.மீ. இடைவெளி கிடைக்கும், இவற்றில் 20 மி.மீ.-ஐ ஒட்டித்தான். கயிற்றின் தடிமன் 9.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டைத் தள்ளும் கட்டைவிரலோ நடுவிரலோ அதே இடைவெளிக்குள்தான் போகவேண்டும். பெரிய காரபினரில் கயிறு உள்ளே விழுந்ததும் விரல் தானாக வெளியே வந்துவிடும். சிறியதில் கயிறும் விரல் நுனியும் ஒன்றாகப் போய் மாட்டும். கேட் மூடாமல் விரலைக் கடிக்கும். நல்ல பிடியில் நின்றுகொண்டு செய்தால் இது ஒன்றுமே இல்லை. இடது கை விரல்களைப் பாறை வெடிப்பில் அரைகுறையாகத் திணித்திருக்க, முன்கை இறுகிப்போய், கடைசிப் பாதுகாப்பு முழங்காலுக்குக் கீழே போயிருக்கும்போது இதே வேலையைச் செய்தால்தான் 11 கிராமின் அருமை தெரியும். கையுறை போட்டிருந்தால் இன்னும் கஷ்டம். பெரிய கை உள்ளவர்கள் இந்த வகையைக் கயிற்று முனைக்கு எடுக்கவே வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். சிறிய விரல் உள்ள நண்பர்கள் சிலர் நானோவை எல்லா இடத்திலும் மாட்டிக்கொண்டு சுகமாக ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். இதில் அடுத்தவர் அனுபவம் உதவாது, உங்கள் கைதான் அளவுகோல்.

வாய்த்திறப்பைவிடக் குறைவாகப் பேசப்படுவது மூக்கு, அதாவது மூடும்போது கேட் வந்து சேரும் முனை. என் கணக்கில் முடிவைத் தீர்மானிக்கவேண்டிய அடுத்த விஷயம் அதுதான். சாதாரண வயர்கேட்டில் கம்பி வந்து உட்காருவதற்காக மூக்கில் ஒரு கொக்கி வெட்டியிருப்பார்கள். கழற்றும்போது அந்தக் கொக்கி எதையாவது பிடித்துக்கொள்ளும். நட்டுகளைத் தொங்கவிட்ட காரபினரில் இதை நன்றாகவே பார்க்கலாம். எட்டு நட்டின் கம்பி வளையங்கள் நெருங்கித் தொங்கும். சரியான அளவைப் பாறை வெடிப்பில் பொருத்திவிட்டு மீதியை இழுத்தெடுக்கும்போது, ஒரு மெல்லிய கம்பி மட்டும் கொக்கியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு கையால் குலுக்கிப் பார்ப்போம், திருப்பிப் பார்ப்போம், வராது. அந்தக் குலுக்கலில் பொருத்திய நட்டும் ஆடிக் கழன்றுவிடும்.

போல்ட் ஹேங்கரில் (போல்ட்டில் பொருத்திய, துளையுள்ள எஃகுத் தகடு) இது தொந்தரவாக மட்டும் இல்லாமல் ஆபத்தாகவும் ஆகிறது. டிரா அசைந்து, காரபினரின் மூக்கு மட்டும் ஹேங்கரின் விளிம்பில் ஏறி நின்றுவிடலாம். கேட் முழுசாக மூடியிருக்காது, பாரம் முழுக்க மூக்கு நுனியில் விழும். அந்த நிலையில் காரபினரின் பலம் மூடிய நிலையில் இருப்பதன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடும். அதாவது 2 கிலோநியூட்டன். மேலே சொன்ன சாதாரண விழுதலே அதைவிட அதிகம்.

இதைச் சரிசெய்ய ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியைப் பிடித்திருக்கிறது. ஹீலியத்தில் மூக்கையே அகலமாக அடித்துக் கம்பியை அதற்குள் ஒளித்துவிட்டார்கள். வெளியே கொக்கி தெரியாது, கம்பி வளையம் வழுக்கிக்கொண்டு வரும். பிளாக் டயமண்ட் ஓஇசட் மாடலில் மூக்கைச் சுற்றி ஒரு சின்ன எஃகுக் கம்பியை வேலி மாதிரி வளைத்து வைத்தார்கள். பெட்சல் நிறுவனத்தின் ஆஞ்ஜ் இரண்டு கம்பிக்குப் பதிலாக ஒற்றைக் கம்பியைக் கேட்டாக வைத்து, அதன் முனை மூக்குக்குள் போய் அடங்கும்படி செய்திருக்கிறது. காம்ப் டயான், டிஎம்எம் கிமேரா என்று இந்தக் கொக்கியில்லாத வகையில் இன்னும் சில உண்டு. எல்லாமே செய்வதற்குக் கடினம், அதனால் விலையும் கூடுதல். இந்தக் கூடுதல் காசு, எடையைக் குறைக்கக் கொடுக்கும் காசைவிட நல்ல செலவு. மூக்கு வழவழப்பாக இருக்கும் 33 கிராம் காரபினரும், கொக்கி உள்ள 26 கிராம் காரபினரும் ஒரே விலையில் கிடைத்தால், ஹேங்கர் பக்கத்துக்கும் நட்டுகளுக்கும் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

முழு அளவுக்கும் மிகச் சிறியதற்கும் நடுவே 26 முதல் 28 கிராம் வரை ஒரு கூட்டம் இருக்கிறது. வேல்ஸின் லான்பெரிஸில் டிஎம்எம் அடித்தெடுக்கும் ஃபேன்டம் 26 கிராம். ஓஇசட் 28, ஆஞ்ஜின் சிறிய வடிவமும் 28. (மாடலைப் புதுப்பிக்கும்போது ஒன்றிரண்டு கிராம் மாறும், வாங்கும் நேரத்தில் நிறுவனத்தின் அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அளவில் இவையும் சிறியவைதான், ஆனால் பிடிக்கும்போது விரலுக்குள் காணாமல்போவதில்லை. ஃபேன்டத்தின் வளைவு கைக்கு நன்றாக அமைகிறது. கொக்கி இருப்பதுதான் குறை. ஓஇசட், ஆஞ்ஜ் இரண்டிலும் அந்தக் குறை இல்லை. ஆஞ்ஜின் ஒற்றைக் கம்பி பழகாதவர் விரலில் முதலில் வழுக்குவதுபோல இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்.

இதையெல்லாம் வைத்து அந்த 36 காரபினரை நான் பிரிக்கும் முறை இப்படி. கயிறு மாட்டும் முனைக்கு முழு அளவு, 33 கிராம், பன்னிரண்டு. பதற்றத்தோடு கை தேடிப்போகும் இடம் அதுதான், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். டிராவின் மறுமுனைக்கு, அதாவது கேமின் வளையத்திலோ நட்டின் கம்பியிலோ மாட்டும் பக்கத்துக்கு 26 கிராம், பன்னிரண்டு. அந்தப் பக்கத்தை மாட்டும்போது பெரும்பாலும் ஏதோ ஒரு நிதானத்தில் இருப்போம்; கயிற்றை இழுத்துக்கொண்டு போராட்டமும் இல்லை. கேம்களைத் தொங்கவிட 23 கிராம் சிறியவை பத்து. நட்டுகளுக்குக் கொக்கியில்லாத 33 கிராம் இரண்டு. கூட்டினால் 1,004 கிராம். எல்லாவற்றையும் 22 கிராமில் வாங்கியிருந்தால் வரும் எடையைவிட 212 கிராம்தான் அதிகம். பழைய 45 கிராம் கூட்டத்தைவிட 616 கிராம் குறைவு. அந்த 212 கிராமைத் தூக்கிக்கொண்டு போக நான் தயார்.

கேம்களில் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படலாம். பாதை நேராக மேலே போகும் இடங்களில் கேம் தொங்கும் காரபினரிலேயே கயிற்றை நேரடியாக மாட்டுவது வழக்கம். உங்கள் பாதைகள் அப்படிப்பட்டவை என்றால் கேமுக்கும் 26-க்குக் குறையாமல் போங்கள். வளைந்து வளைந்து போகும் பாதைகளில் எப்படியும் டிரா போட்டு நீட்டத்தான் போகிறோம், அங்கே 23 போதும். கேமின் நிறத்திலேயே காரபினர் வாங்குவதை அலங்காரம் என்று நினைக்கவேண்டாம். பிளாக் டயமண்ட் கேம்களில் 1-ஆம் எண் சிவப்பு, 2 மஞ்சள், 3 நீலம். டிஎம்எம் டிராகனும் பெரும்பாலும் அதே நிற ஒழுங்கில்தான் வருகிறது. காரபினர் நிறமும் ஒத்துப்போனால், குனிந்து தேடாமல் ஒரு பார்வையில் கை போய்விடும்.

மிக லேசானவற்றைப் பாதாமி மாதிரியான இடத்தில் தினசரிப் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பாறை சிவப்பு மணற்கல். கயிற்றில் நுண்ணிய மணல் ஏறிக்கொள்ளும். அதே கயிற்றில் திரும்பத் திரும்ப ஒருவரை இறக்கும்போது அது அலுமினியத்தை அரம் போட்டதுபோல அறுக்கும். கனமான காரபினருக்கு அந்தத் தேய்மானத்தைத் தாங்கும் சதை இருக்கிறது. 22 கிராமில் அது இல்லை. கயிறு படும் பரப்பும் அதில் குறுகல் என்பதால் கயிறும் சீக்கிரம் தேயும். தேய்ந்த பள்ளத்தின் ஓரம் கூர்மையாகிவிட்டால் அது கயிற்றையே வெட்டும்; அமெரிக்காவின் ரெட் ரிவர் கார்ஜில் போல்ட்டிலேயே நிரந்தரமாகத் தொங்கவிட்ட தேய்ந்த காரபினர்களால் கயிறு அறுந்தது பலருக்கும் தெரிந்த விஷயம். மாதம் ஒருமுறை கயிறு ஓடும் வளைவில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நிற்கும் விளிம்பு இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. போல்ட் பாதைகளுக்கு என்று தனியாகக் கனமான டிராக்களையே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எடையால் வரும் நஷ்டம் ஒன்றுமில்லை, உழைப்பால் வரும் லாபம் நிறைய.

எந்த முனை ஹேங்கருக்கு, எந்த முனை கயிற்றுக்கு என்பதையும் கடைசிவரை மாற்றக்கூடாது. ஹேங்கரின் எஃகு விளிம்பு அலுமினியத்தில் சின்னச் சின்ன வெட்டுகளை உண்டாக்கும். அந்த வெட்டு உள்ள காரபினரில் கயிறு ஓடினால் உறை நூல் பிய்ந்துவிடும்.

பிலே கருவிக்கும் ஆங்கரின் (நம்மைப் பாறையோடு கட்டும் இடம்) முக்கியப் புள்ளிக்கும் இவை எதுவுமே இல்லை. அங்கே பூட்டும் காரபினர்தான். கிளோவ் ஹிட்ச் முடிச்சு போடவேண்டிய இடத்திலும் மினி வேண்டாம். இரண்டு சுற்றுக் கயிறு அந்தக் குறுகலில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், சரிசெய்யவே முடியாது.

வாங்குவதில் நம் ஊர்க்காரர்களுக்குள்ள கஷ்டம், பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் போடவேண்டியிருக்கிறது. முடிந்தால் கூட ஏறும் நண்பர்களின் கருவிகளில் உங்கள் கயிற்றை மாட்டிப் பாருங்கள். நின்றுகொண்டு மட்டும் இல்லாமல், ஒற்றைக் கையால், காரபினர் கேட் இடதுபக்கம் திரும்பியிருக்கும்போதும் வலதுபக்கம் திரும்பியிருக்கும்போதும். இணையச் சந்தைகளில் "25 கேஎன்" என்று பெரிதாக அச்சடித்து மிக மலிவாக விற்கும் காரபினர்களைத் தொடவே வேண்டாம். உண்மையான ஏறும் காரபினரின் முதுகில் மூன்று பலங்களும் குறியீட்டோடு பொறித்திருக்கும்; சிஇ எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும், இஎன் 12275 அல்லது யுஐஏஏ (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) முத்திரையும் இருக்கும். பழையது வாங்குவதானால் வரலாறு தெரிந்தவரிடம் மட்டும்.

தனித்தனிக் காரபினர் வாங்கி நீங்களே டிரா கட்டப்போகிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். குட்டையான, தைத்த டிராவில் கயிற்று முனைக் காரபினர் திரும்பாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள். அதை மாட்டும்போது நாடா காரபினருக்குள் போகாமல் ரப்பர் மட்டுமே போயிருந்தால், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். பாரம் விழுந்ததும் ரப்பர் கிழிந்து காரபினர் கழன்றுவிடும். 2013-ல் பிரான்ஸின் ஓர்ப்பியேரில் 12 வயது இத்தாலியச் சிறுவன் இறந்தது இப்படித் தவறாகக் கட்டிய டிராக்களால்தான். திறந்த 60 செ.மீ. ஸ்லிங்கில் இன்னொரு வகையிலும் இந்த ஆபத்து வரும். தொங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்லிங்கின் ஒரு மடிப்பு காரபினருக்குள் நுழைந்து வெளியே வந்துவிட்டால், கடைசியில் பிடித்துக்கொண்டிருப்பது ரப்பர் மட்டும்தான். அதனால் நீள டிராக்களில் இரண்டு முனைக்கும் ரப்பரே போடாதீர்கள். காரபினர் கொஞ்சம் திரும்பும், பரவாயில்லை. குட்டை டிராக்களுக்குப் போட்டால், ஒவ்வொன்றிலும் ரப்பரை விலக்கிப் பார்த்து, நாடா காரபினரின் உடம்பைச் சுற்றி வருகிறது என்று உறுதிசெய்துகொண்டு, காலில் மிதித்து ஒருமுறை பலமாக இழுத்துவிட்டுத்தான் ஹார்னஸில் மாட்டவேண்டும்.